தட்டியது நான்தான்

பெயர் ஓதினா, தகப்பனார் ஷாதிபெக். வயது முப்பத்தெட்டு. துணிப் பட்டறையில் தையல் வேலை. விலாசம் ஓஷ் நகரம், செங்கல் சூளைத் தெரு, பச்சைக் கேட் போட்ட வாடகை வீடு.

மேற்படி வீட்டில் நான் தனியாகக் குடியிருந்து வருகிறேன். கணவர் உயிருடன் இல்லை, பிள்ளைகளும் இல்லை. எனக்குக் கிர்கிஸ் மொழி நன்றாகத் தெரியும் என்பதால், எனக்காக வரவழைக்கப்பட்டிருந்த மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஐஜார்கின் என்ற பெண் இறந்தது சம்பந்தமாக விசாரணை அதிகாரி கேட்டதற்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நான் முகாத் ஜனத்தைச் சேர்ந்தவள். வெளியில் எங்களை லூலி என்று சொல்வார்கள்; லூலி என்றால் பிச்சைக்கும் திருட்டுக்கும் வருகிறவர்கள் என்பது அவர்கள் நினைப்பு. இந்தத் தெருவுக்கு வந்தபோது என் ஜனம் எது என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தாஜிக் இனத்துப் பெண் என்று நினைத்துக்கொண்டு விசேஷங்களுக்கு அழைத்தார்கள், போய் வந்தேன். ஒட்டிய வீட்டில் ஐஜார்கின் இருந்தாள். அவளுடைய கணவன் எமில்பெக் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருப்பவன். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அவளும் தனியாகத்தான் இருந்தாள். மாமியார் சைராகான் எதிர்வீட்டில் இளைய மகனுடன் இருக்கிறார். ஐஜார்கினும் நானும் இடைச்சுவருக்கு இருபுறமும் நின்று துணி காயப்போடும்போது பேசிக்கொள்வோம். என்னை அக்கா என்று கூப்பிடுவாள்.

போன நோன்புப் பெருநாளுக்கு என் சித்தி மகள் முதுகில் மூட்டையோடு என்னைப் பார்க்க வந்தாள். தெருவில் பார்த்தவர்கள் அவளுடைய உடையிலிருந்தே தெரிந்துகொண்டார்கள். அதன் பிறகு யாரும் என்னை எதற்கும் அழைக்கவில்லை. நான் கடைக்குப் போனால், நின்று பேசிக்கொண்டிருப்பவர்கள் கைப்பையை இழுத்து மார்போடு வைத்துக்கொள்வார்கள். ஐஜார்கின் மட்டும் ஒருநாள் துணிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "கோச்சுக்காதீங்க அக்கா, உங்ககூடப் பேசினா அத்தை சத்தம் போடறாங்க" என்றாள். சரிம்மா என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசியதில்லை.

சம்பவத்தன்று காலையிலிருந்தே மின்சாரம் இல்லை. முதல் நாள் முழுக்கப் பனி பெய்திருந்தது. பட்டறை திறக்காததால் நான் வீட்டில் இருந்தேன். ஐஜார்கின் வீட்டுக் குழந்தை வெகுநேரமாக அழுதுகொண்டிருந்தது. அவள் ஒருபோதும் குழந்தையை அப்படி அழவிட மாட்டாள். பிறகு அழுகை முனகலாகக் குறைந்தது. நான் முற்றத்துக்கு வந்து சுவருக்கு மேலாகப் பார்த்தேன். வாசற்படியில் பனி மிதிபடாமல் கிடந்தது. புகைபோக்கியில் புகை இல்லை. ஆனால் கரி எரிகிற வாடை வந்தது. எங்கள் குடியிருப்பில் நான் சிறுமியாக இருந்தபோது, சூடு போகாமல் இருக்கப் புகைபோக்கியை அடைத்துவிட்டுப் படுத்த ஒரு குடும்பம் எழுந்திருக்கவே இல்லை. ஆகையால் எனக்குப் பயம் வந்தது. "ஐஜார்கின், ஐஜார்கின்" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. என் ஃபோனில் சார்ஜ் இல்லை.

அப்போதே கண்ணாடியை உடைத்து ஏன் உள்ளே போகவில்லை என்று அதிகாரி கேட்கிறார். நான் உடைத்து உள்ளே போயிருந்து, அவள் அசந்து தூங்கிக்கொண்டு மட்டும் இருந்திருந்தால், இதே நாற்காலியில் உட்கார்ந்து வேறு வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருப்பேன். அதனால் கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போகலாம் என்று ஓடினேன்.

முதலில் எதிர்வீட்டு இரும்புக் கேட்டைத் தட்டினேன். சைராகான் அம்மா உள்ளே இருந்தார்கள். "யாரு?" என்றார்கள். "நான்தான், பச்சைக் கேட்டு ஓதினா" என்றேன். அடுத்த வார்த்தை சொல்வதற்குள், "ஒண்ணும் இல்ல, போ. பெருநாளைக்கு வா" என்றார்கள். "அம்மா, உங்க மருமக கதவு திறக்கல, உள்ள கரி வாடை அடிக்குது" என்றேன். "தினம் ஒரு கதையோட வந்துடுவாளுங்க, நாயை அவுத்துவிடு" என்று உள்ளே யாரிடமோ சொன்னது எனக்குக் கேட்டது. நான் திரும்பவும் தட்டினேன். நாய் வந்து கேட்டில் மோதியது.

அதன் பிறகு அவர்களுக்குப் பக்கத்து வீட்டில் தட்டினேன். ஜன்னல் திரை விலகியது, என் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டது. அதற்கடுத்தது ஜோரோபெக் என்பவருடைய வீடு. அவர் சங்கிலியை எடுக்காமல் கதவை ஒரு சாண் திறந்தார். எனக்கு மூச்சு வாங்கியது, வார்த்தை கோர்வையாக வரவில்லை. "ஐயா, குழந்தை, குழந்தை அங்க" என்றேன். "தெரியும்மா, உங்க எல்லாருக்கும் வீட்டுல குழந்தைதான்" என்று சொல்லி, இடுக்கு வழியாக ஒரு ரொட்டியை என் கையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். நல்ல மனதோடுதான் கொடுத்தார், அதைத் தப்பாகச் சொல்லவில்லை. ரொட்டியைத் தரையில் வைக்கக் கூடாது என்பதால் கோட்டுக்குள் செருகிக்கொண்டு ஓடினேன்.

பின்னர் நானே சுவர் ஏறிக் குதித்து, விறகுக் கட்டையால் கதவுக் கண்ணாடியை உடைத்துத் தாழ்ப்பாளை எடுத்தேன். தொட்டில் முன்னறையில் கதவோரம் இருந்தது. குழந்தையைத் துணியோடு சுருட்டித் தூக்கினேன். உள்ளறையில் அடுப்புப் பக்கத்தில் ஐஜார்கின் ஒருக்களித்துக் கிடந்தாள். ஒரு கையில் குழந்தையோடு அவளை இழுத்துப் பார்த்தேன், முடியவில்லை. அவள் விரல்கள் அசைந்தன. அது எனக்கு நிச்சயம். குழந்தையை வெளியே விட்டுவிட்டு வருகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

கண்ணாடி உடைந்த சத்தத்துக்கு எல்லாருமே வந்துவிட்டார்கள். நான் வாசலில் கால் வைத்ததும் ஒருவர் என் முடியைப் பிடித்தார். "குழந்தையை எங்கடி தூக்கிட்டுப் போற?" என்றார்கள். சைராகான் அம்மா குழந்தையைப் பிடுங்கிக்கொண்டார்கள். "உள்ள அவ கெடக்கிறா, உயிர் இருக்கு, போய்த் தூக்குங்க" என்று நான் கத்தினேன். "பாத்தியா, நம்மள உள்ள அனுப்பிட்டு ஓடப் பாக்கறா" என்று ஒரு பெண் சொன்னாள். நான் திமிறி உள்ளே போகப் பார்த்தேன், திரும்பவும் திருடப் போகிறாள் என்று கையைப் பின்னால் முறுக்கினார்கள். என் கோட்டுக்குள் கையை விட்டு என்ன எடுத்திருக்கிறேன் என்று தேடினார்கள். ரொட்டி வந்தது. ஜோரோபெக் கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தார். ரொட்டியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர்தான் அந்த வீட்டுக்குள் ஓடினார்.

ஐஜார்கினைத் தூக்கி வந்து பனியில் கிடத்தினார்கள். அதன் பிறகுதான் என்னை விட்டார்கள். ஆம்புலன்ஸ் வந்தபோது அவளுக்கு மூச்சு இல்லை. கொஞ்சம் முன்னால் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடும் என்று டாக்டர் சொன்னதாக அதிகாரி சொல்கிறார்.

அன்று காலை தன் கேட்டை யாரும் தட்டவில்லை என்று சைராகான் அம்மா எழுதிக் கொடுத்திருப்பதாகப் படித்துக் காட்டினார்கள். தட்டியது நான்தான். என் குரல் அவருக்குக் கேட்டது, பதிலும் சொன்னார். தெரிந்தே மருமகளைச் சாகவிட்டார் என்று நான் சொல்லவில்லை. லூலிப் பொம்பளை வேறெதற்குக் கேட்டைத் தட்டுவாள் என்று நினைத்திருப்பார். அடக்கத்துக்கு வந்த எமில்பெக் என் வீட்டு வாசலுக்கு வந்து, "அம்மா வீட்டுல தட்டுனீங்களா அக்கா?" என்று கேட்டான். அவன் நிற்கவே தெம்பில்லாமல் இருந்தான். "இப்ப எதுக்குப்பா அது" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இங்கே கேட்பதால் சொல்கிறேன். யார் மீதாவது புகார் கொடுக்கிறாயா என்று அதிகாரி கேட்டதற்கு, இல்லை என்றேன்.

குழந்தையை எதிர்வீட்டில் வளர்க்கிறார்கள். பகலில் முற்றத்தில் விட்டிருக்கும்போது அழும். அழுகையை வைத்தே பசிக்கா, தூக்கத்துக்கா என்று எனக்குத் தெரிகிறது. அந்த நேரத்தில் நான் தெருவில் இருந்தால் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன். குழந்தை அழுவதை நின்று கேட்டுக்கொண்டிருந்தேன் என்று ஒருவர் சொல்லிவிடக் கூடாது.

யாரும் மிரட்டியோ சொல்லிக்கொடுத்தோ இதைச் சொல்லவில்லை. எழுதியதை நானே படித்துப் பார்த்தேன், நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) ஓதினா