பதினான்கு நாடுகளும் இரண்டு முலாம் தொட்டிகளும்

கடந்த செவ்வாய்க்கிழமை மாலை நம் தொழிற்பேட்டைச் சங்கத்தின் செயற்குழு அவசரமாகக் கூடியது. மூன்று மணி நேரம் ஆழ்ந்து விவாதித்தது. ஒருவர் வெளிநடப்புச் செய்தார். தேநீர் வந்ததும் அவரே திரும்பி வந்தார். இறுதியில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. பாராட்டு விழா நாயகர் பிளாஸ்டிக் நாற்காலியில் அமரலாகாது; கல்யாண மண்டபத்திலிருந்து சிவப்பு வெல்வெட் நாற்காலி வரவழைக்கப்பட வேண்டும் என்பதே அத்தீர்மானம். வரலாறு இதைக் குறித்துக்கொள்ளட்டும். வெளிநடப்புச் செய்தவன் அடியேன்.

அந்த நாற்காலிக்கு வலப்புறம் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் ஹரிகிருஷ்ணன் அவர்களே, அச்சிலும் வார்ப்பிலும் ஆயுளைக் கழித்த ஆன்றோர்களே, தவளக்குப்பத்திலிருந்தும் வீராம்பட்டினத்திலிருந்தும் பஸ் ஏறி வந்து பின்வரிசைகளை நிறைத்திருக்கும் தாய்மார்களே, முன்வரிசையில் அமர்ந்து என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் என் தங்கை பாக்கியலட்சுமியே, அவளுடைய கணவரும் பதினோராம் ஷெட்டின் உரிமையாளரும் இன்றைய நாயகருமான மாப்பிள்ளை ராஜவேல் அவர்களே, உங்கள் அனைவரையும் பன்னிரண்டாம் ஷெட்டின் கலியபெருமாள் கைகூப்பி வணங்குகிறேன்.

சங்கத்தின் வழக்கப்படி வாழ்த்துரை துணைத் தலைவருக்கு உரியது. துணைத் தலைவர் நான். ஆகவே வாழ்த்துகிறேன்.

தொழிற்பேட்டைக்கு வெளியிலிருந்து வந்தவர்களுக்காக விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்னைக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலை ஏற்றுமதிக்கென்றே ஒரு கார் செய்கிறது. ஒரே கார். ஒரே கதவு, ஒரே கண்ணாடி, ஒரே எஞ்சின். எண்ணூரில் கப்பலேறும்போது மட்டும் அதற்கு இரண்டு பெயர். சில நாடுகளுக்குக் கார்சில்; சில நாடுகளுக்குத் தல்மோர். வேறுபாடு எங்கே இருக்கிறது? எஞ்சினிலா? இல்லை. ஓட்டத்திலா? இல்லை. முகப்பில் மின்னும் கையகல எம்ப்ளத்தில் இருக்கிறது. கார்சில் எம்ப்ளம் என் ஷெட்டில் பிறந்தது. தல்மோர் எம்ப்ளம் மாப்பிள்ளை ஷெட்டில் பிறந்தது. இரண்டு பிரசவ அறைகளுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அந்தத் தொழிற்சாலையின் கொள்முதல் அதிகாரி இரண்டு வரைபடங்களை மேசையில் விரித்து, யாருக்கு எது என்று கேட்டார். மாப்பிள்ளை என்ன சொன்னார் தெரியுமா?

“மச்சான், நீங்க பெரியவங்க. நீங்க மொதல்ல எடுங்க.”

எடுத்தேன். ஆராய்ந்து எடுத்தேன். கார்சில் பதினான்கு நாடுகளுக்குப் போனது. தல்மோர் இரண்டே நாடுகளுக்குப் போனது. என் அறையில் உலகப் படம் மாட்டிப் பதினான்கு சிவப்பு ஊசிகள் குத்தினேன். ஆயுத பூஜைக்கு மாப்பிள்ளை வரும்போதெல்லாம் அந்தப் படத்துக்கு எதிரே அவரை உட்கார வைத்தேன். சிலி என்றேன். பெரு என்றேன். அவர் பொரி தின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார். அதைப் பெருந்தன்மை என்று நீங்கள் நினைக்கலாம். பொறாமை என்று நான் நினைத்தேன். நினைத்து மகிழ்ந்தேன்.

இந்தப் பின்னணியில்தான், நாம் எவருமே பார்த்திராத ஓர் ஐரோப்பிய நகரத்தில் அந்தக் கார்த் தொழிற்சாலையின் தாய் நிறுவனம் கூடியது. அதனிடம் எட்டுக் கார்ப் பெயர்கள் இருந்தன. எட்டுப் பெயருக்கு எட்டு விளம்பரம், எட்டு விற்பனைக் கூடம், எட்டு மேலாளர்கள். ஐந்து போதும் என்று முடிவு செய்தார்கள். தாய் என்கிறோம்; எட்டுப் பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்தி, மூன்று பேர் வீட்டுக்கு வர வேண்டாம் என்று சொல்லும் தாயை இங்கே பின்வரிசையில் யாராவது கண்டதுண்டா? அனுப்பப்பட்ட மூவரில் ஒருவன் கார்சில்.

பதினான்கு நாடுகள் என்ன ஆயின? எட்டு நாடுகளில் அதே காரைத் தல்மோர் என்ற பெயரில் விற்கப் போகிறார்கள். மீதி ஆறு நாடுகளில் தல்மோருக்குக் கடையே இல்லை. ஆகவே அங்கே கார் போகாது. மாதம் ஐந்து கப்பல் கிளம்பிய இடத்தில் இனி மூன்று. கார்கள் குறைந்தன, கப்பல்கள் குறைந்தன, நாடுகள் குறைந்தன. ஒருவருக்கு மட்டும் எல்லாம் கூடின.

எட்டு நாடுகள், ஐயா. ஒரே வாரத்தில் சுவர் ஏறிக் குதித்து அடுத்த ஷெட்டுக்குப் போய்விட்டன. அதற்காக மாப்பிள்ளை உழைத்தாரா? நான் விசாரித்தேன். அந்த வாரம் முழுக்க அவர் தம் வீட்டு மாடியில் டைல்ஸ் பதித்துக்கொண்டிருந்தார். நான் பிரேசிலுக்காக இரண்டு முறை அச்சை மாற்றியவன். சிலிக்காரர்கள் உப்புக் காற்றில் முலாம் கறுக்கிறது என்று எழுதியபோது ஒரு மாதம் தூங்காதவன். அந்தச் சிலி இப்போது இவருடையது. என் சிலி. புதன்கிழமை இவருடைய அறையிலும் ஓர் உலகப் படம் மாட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். பச்சை ஊசியாம்.

பின்னாலிருந்து யாரோ “வயித்தெரிச்சல்” என்கிறீர்கள். ஆமாம் ஐயா, மூன்று வாரமாக. மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

ஆனால் என் ஒருவன் வயிறோடு இது முடியவில்லை. பன்னிரண்டாம் ஷெட்டில் முப்பத்து நான்கு பேர் வேலை செய்கிறார்கள். கார்சிலின் கடைசிப் பெட்டி வியாழக்கிழமை போய்விட்டது. மாப்பிள்ளைக்கு ஆர்டர் கூடியது. முலாம் தொட்டி கூடவில்லை. அவரிடம் ஒரு தொட்டி. அவருக்குத் தேவை மூன்று. என்னிடம் இரண்டு தொட்டிகள் வேலையில்லாமல் நிற்கின்றன. கணக்குத் தெரிந்த குழந்தைகூட இந்தச் சுவரில் ஒரு கதவு வைத்திருக்கும். நாங்கள் ஏன் வைக்கவில்லை?

என் தங்கை வீட்டுக்கு நான் சீர்த்தட்டோடு போயிருக்கிறேன். பொங்கலுக்குப் போயிருக்கிறேன், வளைகாப்புக்குப் போயிருக்கிறேன். கொடுக்கப் போயிருக்கிறேனே தவிர, கேட்கப் போனதில்லை. என் தகப்பனாரும் போனதில்லை. தங்கை இரண்டு முறை என்னிடம் வந்தாள்.

“ண்ணா, ஒரு வார்த்த கேளுண்ணா. அவரு குடுக்கத்தான் காத்துக்கிட்டு இருக்காரு.”

“அப்ப அவரே வந்து குடுக்கட்டும்.”

“குடுத்தா நீ வேணாம்னு மூஞ்சத் திருப்பிக்குவியாம். போன தீபாவளிக்குத் திருப்பிக்கினியாம்.”

திருப்பிக்கொண்டது உண்மை. ஆக, நான் கேட்பேன் என்று அவர் காத்திருந்தார். அவர் தருவார் என்று நான் காத்திருந்தேன். முப்பத்து நான்கு பேர் எங்கள் இருவரையும் பார்த்துக் காத்திருந்தார்கள்.

வீராம்பட்டினத்து அஞ்சலாட்சி எழுந்து நிற்கிறார். ஒன்பது ஆண்டுகளாக என் தொட்டியைக் காத்தவர். என்னம்மா சொல்கிறீர்கள்? மைக் வேண்டாமாம், அவர் குரலுக்குத் தேவையும் இல்லை.

“சீர்த்தட்ட நான் தூக்கினு வரேன், மொதலாளி. நீ வாய மட்டும் எடுத்துனு வா.”

சிரியுங்கள். சிரிக்க வேண்டியதுதான். தாய்மார்களே, நான் எதைக் காத்தேன்? மானத்தையா? எந்த மானம்? முப்பத்து நான்கு வீட்டு அடுப்பைப் பணயம் வைத்துக் காக்கிற மானம் யாருடைய மானம்? எங்கோ ஒரு மேசையில் ஒரு பெயரை அடித்துவிட்டார்கள். அதைத் தடுக்க என்னால் முடிந்திருக்காது. ஆனால் அடுத்த ஷெட்டுக்கு நடக்க எத்தனை அடி? இருபது அடி. அந்த இருபது அடியை எந்த ஐரோப்பியன் தடுத்தான்? எந்தக் கப்பல் தடுத்தது? நான்தான் தடுத்தேன்.

ஆகவே, பெரியோர்கள் முன்னிலையில், என் தங்கை முன்னிலையில், என் தகப்பனார் செய்யாததைச் செய்கிறேன். மாப்பிள்ளை, கேட்கிறேன். உங்கள் முலாம் வேலையை என் தொட்டிகளுக்குக் கொடுங்கள். பாதி விலைக்குச் செய்து தருகிறேன். என் ஆட்களுக்கு வேலை கொடுங்கள்.

மாப்பிள்ளை எழுகிறார். மைக்கை அவரிடம் கொடுங்கள்.

“மச்சான்… நேத்து சாயங்காலம் முலாம் வேலைய ஓசூர் கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். மூணு வருஷத்துக்கு. நீங்க கேக்க மாட்டீங்கன்னு நெனச்சிட்டேன், மச்சான்.”

நன்று. தெளிவாகச் சொன்னார். பின்வரிசை வரைக்கும் கேட்டிருக்கும்.

மாப்பிள்ளை ராஜவேல் அவர்கள் எட்டு நாடுகளோடும் நலமாக வாழ வேண்டும் என்று வாழ்த்தி, சங்கத்தின் சார்பில் இந்தப் பொன்னாடையைப் போர்த்துகிறேன். வாய்ப்பளித்த தலைவருக்கும், இவ்வளவு நேரம் பொறுத்திருந்த உங்களுக்கும் நன்றி. வணக்கம்.

ஓர் அறிவிப்பு. பன்னிரண்டாம் ஷெட் ஊழியர்கள் லாக்கரில் உள்ள தங்கள் பொருட்களைத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும்.