நாலு வாத்து

ஆயாம்மா: பஞ்சு தீர்ந்துபோச்சு டீச்சர். இதுக்கு மேல இந்தப் படத்துல மேகம் ஒட்டினா மழை உள்ளயே வந்துடும்.

டீச்சர்: அந்தப் பழைய தலையணையப் பிரிங்க. ஒரு வாத்தை விட்டுட்டு மீதி மூணையும் மேகத்தால மறைச்சாகணும்.

ஆயாம்மா: எதுக்கு? எவ்வளவு அழகா வரிசையாப் போகுதுங்க...

டீச்சர்: அதான் வினையே. மத்த குழந்தைங்க தாள்ல பாருங்க. ஒரு பாதம், ஒரு வாத்து. ஒரு காலை மட்டும் மஞ்சள்ல முக்கி நாம அழுத்தினது. இந்தக் குட்டிப்பொண்ணு தாள்ல மட்டும் நாலு. வலது, இடது, வலது, இடது... பாத்தாலே நடந்திருக்கான்னு தெரிஞ்சிடும்.

ஆயாம்மா: மகாராணிக்கு முந்தாநாள்தான் நடக்கணும்னு தோணியிருக்கு. நான் என்ன செய்ய? பெயிண்ட் தட்டுலயே ரெண்டு காலையும் வெச்சுட்டா.

டீச்சர்: நான் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்க எதிர்ல உட்கார்ந்து துண்ட விரிச்சீங்க...

ஆயாம்மா: பாதத்தத் தொடைக்கலாம்னு விரிச்சேன். அவ என்னமோ கல்யாண ஊர்வலம் மாதிரி ஜம்முனு வந்துட்டா. சொல்லிட்டா என்ன டீச்சர்? அவங்கம்மா தினமும் கதவுகிட்ட நின்னு நடந்தாளான்னு கேக்கறாங்க...

டீச்சர்: முதல் அடி, முதல் வார்த்தை... நம்ம காப்பகத்துல நடந்தா வாயே திறக்கறதில்லன்னு உங்களுக்குத் தெரியாதா? வீட்ல அவங்க பாக்கறதுதான் முதல். அதையும் நாமளே எடுத்துக்கிட்டா அவங்களுக்கு என்ன மிஞ்சும்?

ஆயாம்மா: அதுவும் சரிதான்... ஆனா முகத்தப் பாத்துப் பொய் சொல்ல எனக்கு வர்றதில்ல.

டீச்சர்: அப்ப பேசாம பஞ்சப் பிரிங்க. ஷ்... கேட் சத்தம். தாளைத் திருப்புங்க.

அம்மா: ரொம்ப லேட்டாயிடுச்சு... இந்த மழையில பஸ்ஸே கிடைக்கல. தூங்கிட்டாளா?

ஆயாம்மா: இப்பதாம்மா. தலையத் துவட்டிக்கோங்க, இந்தாங்க.

அம்மா: இன்னைக்காவது...?

டீச்சர்: இல்லம்மா. சுவரப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா. அவ்வளவுதான்.

அம்மா: ம்.

டீச்சர்: சில குழந்தைங்க மெதுவாத்தான்...

அம்மா: நாளைக்கு லீவு சொல்லிட்டேன். எலும்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். இடுப்பப் படம் எடுக்கணுமாம். அசையாம இருக்க மயக்கமருந்து கொடுப்பாங்களாம்...

ஆயாம்மா: ஐயோ! நல்லா இருக்கற பிள்ளைக்கு எதுக்கும்மா மயக்கமருந்து?

டீச்சர்: ஆயாம்மா...

ஆயாம்மா: சும்மா இருங்க டீச்சர். உங்க சட்டம் பிள்ளைக்கு ஊசி போடற வரைக்கும் போகணுமா?

அம்மா: என்ன சட்டம்?

டீச்சர்: ஒண்ணுமில்லம்மா. ஆயாம்மா, அந்தத் தாளை உள்ள எடுத்து வைங்க.

அம்மா: டீச்சர், அது என்ன திருப்பி வெச்சிருக்கீங்க?

டீச்சர்: மழைக்காலப் படம். சுவத்துல ஒட்டறதுக்கு... பாருங்க. இவ பண்ணினதுதான். முந்தாநாள். வீட்ல நீங்களே முதல்ல பாக்கட்டும்னுதான் சொல்லல. தப்பா எடுத்துக்காதீங்க.

அம்மா: நாலு...

ஆயாம்மா: நாலுதான் தாள்ல. தாளத் தாண்டி இன்னும் ரெண்டு, தரையில. அதத் தொடைச்சுட்டேன்.

அம்மா: யார்கிட்ட வந்தா?

டீச்சர்: ம்?

அம்மா: நடந்து... யார்கிட்ட வந்தா?

ஆயாம்மா: என்கிட்டதாம்மா. துண்ட விரிச்சு வெச்சிருந்தேன்...

அம்மா: கூப்பிட்டீங்களா?

ஆயாம்மா: இல்லம்மா. சும்மா கைய நீட்டினேன். அவ்வளவுதான்.

அம்மா: சும்மா கைய நீட்டினீங்க...

டீச்சர்: ஏம்மா அழறீங்க? கால் நல்லா இருக்குன்னு சந்தோஷப்படுங்க. அந்த டாக்டர் வேண்டாம். இன்னைக்கே வீட்ல நடந்தாலும் நடப்பா.

அம்மா: டாக்டரெல்லாம் இல்ல டீச்சர். முந்தாநாள் குளிப்பாட்டும்போது பாத்தேன், ரெண்டு பாதத்துலயும் மஞ்சள். மத்த பிள்ளைங்களுக்கு ஒரு கால்லதானாம். எப்படிக் கேக்கறதுன்னு தெரியல, அதான் அப்படிச் சொன்னேன்.

ஆயாம்மா: அப்ப தெரிஞ்சேதான் வாசல்ல கேட்டீங்களா? அதுக்கு முன்னாடியும் தினமும் கேட்டீங்களே... எதுக்கும்மா?

அம்மா: நீங்க இல்லன்னு சொல்லுவீங்க இல்ல... அதுக்குத்தான். இங்க யார்கிட்டயும் நடந்து போகலன்னு கேட்டுட்டுப் போனா ராத்திரி தூக்கம் வரும். வீட்ல அவ நடந்து ஒரு வாரமாச்சு ஆயாம்மா. அவங்கப்பா கூப்பிட்டா ஓடறா. எதிர்வீட்டுக்காரங்க கூப்பிட்டாலும் ஓடறா. நான் கைய நீட்டினா மட்டும்... அப்படியே தரையில உட்கார்ந்துக்கறா.