ஜென்ரமைசினுக்காக ‘ஓம்’ என்று உண்மை உரைத்த ஞானாம்பிகை அம்மையாருக்கு

உரும்பிராய் ஈன்ற உத்தமியே! பச்சிளம் பாலகரின் பிணி தீர்த்த பெருந்தகையே! எங்கள் மருத்துவமனைக் குழந்தைகள் விடுதியின் தலைமைத் தாதியாய், தளராத தொண்டின் தகைமையாய் விளங்கிய தாயே! வணக்கம்.

பிரியாவிடை மடல்கள் மகிழ்ச்சியோடு எழுதப்படுபவை. இதை நாங்கள் கொதிப்போடு எழுதுகிறோம், பொறுத்தருள்க.

ஊசி ஏற்றுமுன் தாயை அருகழைத்து, ‘ஜென்-ர-மை-சின்’ என்று மருந்தின் பெயரை நிறுத்தி நிறுத்தி உச்சரித்து, அவள் வாயாலும் சொல்லவைத்து, அது என்ன நோயைத் தீர்க்கும், காதையும் சிறுநீரகத்தையும் எப்படித் தாக்கக்கூடும் என்பதையெல்லாம் விளக்கிய பின்பே மருந்தேற்றும் மாண்பு உங்களுடையது. “இண்டைக்கு இஞ்சை, நாளைக்கு எந்த அகதிமுகாமோ! பிள்ளைக்கு என்ன மருந்து போட்டதெண்டு தாய்க்குத் தெரியவேணும்” என்பீர்கள். சிஸ்ரர் பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டா என்று நாங்கள் கேலி பண்ணுவோம். நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள்.

குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஸ்ரெல்லாவும் அப்படித்தான் தட்டுத்தடுமாறி அந்தப் பெயரைப் படித்தாள். அவளுடைய தலைச்சன் மகனின் இரத்தத்தில் கிருமி ஏறியிருந்தது. நோய் மருந்துக்குக் கேட்டது. பிள்ளை பால் குடிக்கத் தொடங்கினான். அந்த வேளையில் மருந்து தீர்ந்தது. எங்களுக்கு வரவேண்டிய பெட்டிகளோ இராணுவத் தடைமுகாமில் மறிக்கப்பட்டுக் கிடந்தன.

நீங்களே புறப்பட்டுப் போனீர்கள். இது எதற்குரிய மருந்து என்று அதிகாரி மொழிபெயர்ப்பாளன் மூலம் கேட்டான். ஒரு தாய்க்குச் சொல்வதுபோலவே ஒன்றையும் மறைக்காமல் சொன்னீர்கள்: பிறந்த குழந்தையின் இரத்தக் கிருமிக்கு, சிறுநீர்த் தொற்றுக்கு, சீழ் பிடித்த புண்ணுக்கு.

“வெடிகாயத்துக்கும் போடலாமோ?”

“ஓம், போடலாம்.”

அவ்வளவுதான். போராளிகளின் காயத்துக்குப் போய்விடும், பெட்டிகளைத் தர முடியாது என்றார்கள். ஸ்ரெல்லாவின் மகன் பிழைக்கவில்லை.

புண்ணைப் பார்த்து நீ எந்தப் பக்கம் என்று கேட்கும் மருந்து உலகில் எங்கேனும் உண்டா? வயிறு எரிகிறது அம்மையே! அதைவிடக் கொடுமை, ஒரு பொய் சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும் என்று சந்தையில் நின்று உங்களைச் சாடிய நம்மவர் வாய். பெட்டியை மறித்தவனை விட்டுவிட்டு, அதைக் கேட்கப் போனவளைப் பிடித்துக் குதறுவது என்ன நியாயம்? அவர்களில் சிலர் இன்று இந்தப் பிரியாவிடை மண்டபத்திலும் இருக்கிறார்கள். நன்றாகக் கேட்கட்டும்!

இதற்கிடையில், மருந்துக்குத் திறக்காத அதே பாதையால் உங்கள் ஓய்வுக் கட்டளை ஒரு கசங்கலுமின்றி வந்து சேர்ந்திருக்கிறது. அறுபது வயது நிறைந்துவிட்டதாம்! பண்டத்தரிப்பிலும் நெல்லியடியிலும் இங்குமாக நீங்கள் விழித்திருந்த இரவுகளை அந்தக் கட்டளை எழுதியவர் அறிவாரா?

உடல்நலமும் உளநலமும் குன்றாது நெடுங்காலம் வாழ்வீராக! உங்கள் உண்மைக்குப் பழி சொன்னவர் தலைகுனிந்து நிற்பதைக் கண்டு வாழ்வீராக!

வாழ்த்தை நிறைவுசெய்யும் உரிமை எங்களுக்கில்லை. முன்வரிசையில் இருக்கும் ஸ்ரெல்லாவிடம் நேற்றுக் கேட்டோம். அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறோம்:

“சிஸ்ரர் பொய் சொல்லுறவ எண்டால், நான் என்ரை பிள்ளையை அவவின்ரை கையிலை குடுத்திருப்பனோ?”

இங்ஙனம்,
உங்களை அனுப்ப மனமில்லாத
குழந்தைகள் விடுதிப் பணியாளர்கள்
யாழ்ப்பாணம், 1993