மூன்றாம் பாத்திக் கோரை

மல்லிகைக்கு வேரடியில் நீர் தேங்கவும் கூடாது, மண் காயவும் கூடாது. கடப்பாக்கத்து உப்புக் காற்றில் அந்தப் பக்குவம் காப்பது எளிதன்று. பத்தொன்பது ஆண்டுகள் காத்தேன்.

என் பெயர் ஆராவமுதன். பெருமாள் கோயில் நந்தவனத்தில் பூமாலைக் கைங்கரியம். நாள்தோறும் மாலை சாத்திய பின்னரே அன்னம் தொடுவதென்று இளமையில் சங்கற்பம் செய்துகொண்டேன். அந்த நான்கு பாத்திகளுக்கு அப்பால் எனக்கு உலகமில்லை. மனையாள் இறந்த நாளிலும் மாலையைச் சாத்திவிட்டே சுடலைக்குப் போனேன், நெருப்பு அடங்கியிருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில் மழை பொய்த்தது. மல்லிகை வாட, கோரை மட்டும் தழைத்தது. அதன் கிழங்கில் ஒன்று மண்ணில் தங்கினாலும் பத்து முளைக்கும். கன்னியம்மா என்பவள் களையெடுப்பாள். பறித்த களை பறித்தவளுக்கே என்பது வழக்கம். மூன்றாம் பாத்தியை அவள் ஆறு முறை கொத்தினாள். ஆறு முறையும் கோரை மீண்டது. மாலைக்குப் பூ போதாத நாள்களில் நான் பட்டினி கிடந்தேன். ஐப்பசியில் அத்தகைய நாள்கள் பதினொன்று.

ஒரு காலை, அவள் பருத்த கிழங்குகளை முறத்தில் சேர்த்துக்கொண்டு, சிறியவற்றைத் திரும்ப மண்ணில் பதித்து மூடுவதைக் கண்டேன். கேட்டேன். அவள் மறைக்கவில்லை.

"அல்லாத்தையும் புடுங்கிட்டா நாளைக்கு இன்னாத்த துன்றது சாமி? சுட்டுக் குடுத்தா புள்ளைங்க துன்னுதுங்க. ஒங்க பெருமாளு மாலைய துன்னவா போறாரு?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் சினக்கவில்லை. எம்பெருமானுக்கு ஆக்கிய மண்ணில் ஒருத்தி தனக்கென்று பயிர் செய்துகொண்டிருந்தாள் என்பதை மட்டும் எண்ணிப் பார்த்தேன்.

மதுராந்தகத்தில் கறையானுக்கென்று கூறி வெள்ளைப் பாஷாணம் வாங்கினேன். துளசிப் பாத்தியைத் தொடவில்லை. மூன்றாம் பாத்தியில் மட்டும், கோரையின் அடிதோறும் இட்டேன். களைக்கு இட்டேன் என்றுதான் முதல் விசாரணையில் சொன்னேன். அது பொய்யன்று.

அவளுக்குத் தெரியாதா என்று இந்த விசாரணையில் தாங்கள் கேட்டீர்கள். மறுநாள் அவள் முறத்தை என்முன் நீட்டினாள்.

"கெயங்கு மேல இன்னா சாமி வெள்ளையா கீது?"

"சுண்ணாம்பு. கழுவினால் போய்விடும்" என்றேன்.

அவள் கிணற்றடியில் கழுவினாள். நான் பார்த்துக்கொண்டே மாலை தொடுத்தேன். பூவை முகர்ந்தால் அது சுவாமிக்கு ஆகாது. எப்போதும்போல் அன்றும் மூச்சைத் திருப்பிக்கொண்டே தொடுத்தேன். பொழுது சாய்வதற்குள் அவளும் இரு பிள்ளைகளும் போய்விட்டனர் என்றார்கள். மாலை அன்று முழு நீளம் வந்திருந்தது. பிரசாதம் உண்டேன்.

சுண்ணாம்பு என்றது பொய். அந்த ஒரு சொல்லுக்குப் பிராயச்சித்தம் உண்டு, இங்கேயே செய்துகொள்கிறேன். மூன்று உயிர்களையும் அறிந்தே போக்கினேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையொப்பமிடுகிறேன்.

மூன்றாம் பாத்தியில் கோரை மறுபடி தலைகாட்டியிருப்பதாக இன்று காவலர் சொன்னார். கன்னியம்மாவின் மூத்த மகள் எல்லம்மாள் அன்று நெம்மேலியில் உறவினர் வீட்டில் இருந்ததால் பிழைத்தாள். தாயிடம் வேலை பழகியவள். அவளை வரச்சொல்லுங்கள். இம்முறை ஒரு கிழங்கும் மிச்சமில்லாமல் எடுக்கவேண்டும் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.