நாயாற்றில் மூன்றாம் மாடி

— மெல்லக் கதையுங்கோ. பக்கத்து அறையில ஆக்கள் நித்திரை.

— பக்கத்து அறையில என்ர வலையும் ரெண்டு மண்ணெண்ணெய்க் கானும்தான் பிறின்சி நித்திரை.

— அது நாயாத்தில. இப்ப நாங்கள் நிக்கிறது கொழும்பில. வெள்ளவத்தையில, மூண்டாம் மாடியில. அந்த ஜன்னலைத் திறக்காதேங்கோ.

— திறந்தா?

— பிள்ளை எட்டிப் பாத்து விழுந்திடும்.

— ஜன்னலுக்கு அங்கால உன்ர ஆடு நிக்குது. அதுக்கு மேலதான் விழுவாள்.

— பகிடி விடாதேங்கோ. ஒத்திகை எண்டா ஒத்திகை. ‘றொமேஸின்ர பிள்ளை மணலில வளந்தவள், கொழும்பு அறைக்குள்ள பூட்டி வைச்சா கூரை பறக்கக் கத்துவாள்’ எண்டு கடற்கரை முழுக்கச் சொல்லித் திரிஞ்சது ஆர்? நீங்கள்தானே?

— உண்மையைத்தானே சொன்னனான்.

— பாப்பம். பின்னேரம் கோயில் மணி அடிக்குமட்டும் இந்த அறைதான். அவள் தாக்குப்பிடிச்சா திங்கக்கிழமை வெளிக்கிடுறம். மிருகக்காட்சிச்சாலை, காலிமுகத்திடல், கொச்சிக்கடைக் கோயில். நத்தார்ப் பெருநாளுக்கு முதல் மூண்டே மூண்டு நாள்.

— ஏலாட்டி?

— பாக்கை அவிட்டு உடுப்பெல்லாத்தையும் அலுமாரிக்குள்ள வைக்கிறன். கொழும்பெண்ட கதையே இனி என்ர வாயில வராது.

— இது நல்ல சட்டமாக் கிடக்கு.

— இன்னும் முடியேல்லை. ஆர் முதல் இந்தக் கதவால வெளிய போகினமோ அவைக்குத் தோல்வி. அவளெண்டாலும் சரி, நீங்களெண்டாலும் சரி.

— நானோ? நான் ஏன் போறன்?

— போன மாசம் கொழும்பு பஸ்ஸால பரந்தன் சந்தியில ஏன் இறங்கினியள்?

— அது பாரை மீன் கூட்டமடி. சின்னராசா அண்ணை போன் எடுத்தவர்.

— பாக்கை இறக்கி, பிள்ளையை இறக்கி, என்னையும் இறக்கி, எதிர்ப்பக்கப் பஸ்ஸுக்குக் கை காட்டின ஆள் நீங்கள். அதுக்கு முதல் முறை முல்லைத்தீவு பஸ் ஸ்ராண்ட் மட்டும்தான். அதுக்கும் முதல் எங்கட வாசல் படலை.

— ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சம் கூடத் தூரம் போயிருக்கிறம்தானே.

— ஓம். இப்பிடியே போனா இவள் கலியாணம் கட்டேக்கை கொழும்புக்குக் கிட்டப் போயிடுவம்.

— சரி, சரி. என்ர போன் எங்க?

— அரிசி வாளிக்குள்ள. கொழும்பில போன் இல்லை.

— கொழும்பிலதான் எல்லாரிட்டையும் போன் இருக்கு.

— உங்களிட்டை இல்லை.

— பசிக்குது பிறின்சி. குசினியில ராத்திரிக் குழம்பு கிடக்கு...

— அறைக்குக் குசினி இல்லை. இந்தாங்கோ, இடியப்பப் பாசல்.

— இது நீ அவிச்ச இடியப்பம்தானே.

— அவிச்சது நான்தான். பாசல் பேப்பரில போட்டா இவள் சாப்பிடுவாளோ எண்டு பாக்கவேணும். தன்ர சாப்பாட்டுக் கோப்பை இல்லாட்டி வாய் திறக்கமாட்டாள் எண்டதும் நீங்கள்தான்.

— சாப்பிடுறாளோ?

— நல்லாச் சாப்பிடுறாள். ஐயோ, பேப்பரையும் சேத்துத்தான் சாப்பிடுறாள். எடுங்கோ, வாய்க்குள்ள விரலை விட்டு எடுங்கோ.

— கடிச்சுப்போட்டாள்.

— பரவாயில்லை. இப்பத்தான் உங்களை ருசி பாக்கிறாள்.

— கக்கூசுக்குப் போகலாமோ, அதுவும் தோல்வியோ?

— போகலாம். போயிட்டு நேர வரவேணும். கடல் பக்கம் திரும்பிப் பாக்கப்படாது.

— மூண்டாம் மாடியில இருந்து ஆட்டைத் தாண்டியோ கக்கூசுக்குப் போறது?

— லிப்ற்றில போறதெண்டு நினையுங்கோ.

— இதென்ன பாக்குக்குள்ள? பம்பர்ஸ், பால்மா, சுடுதண்ணிப் போத்தல்... இந்த ரின் ஏன் இவ்வளவு பாரம்?

— வையுங்கோ அதை.

— மணல். பிறின்சி, இது மணல்.

— ஓம், மணல்தான். அங்க அவள் மண் கேட்டு அழுதா நான் எங்க போறது? ஒரு தட்டத்தில கொட்டிக் குடுத்தா விளையாடுவாள்.

— நாயாத்து மணலை மூண்டாம் மாடிக்குக் காவிக்கொண்டு போற முதல் ஆள் நீயாத்தான் இருப்பாய்.

— இருக்கட்டும். போறதெண்டு நான் முடிவெடுத்தா மணலென்ன, ஆட்டையும் கொண்டு போவன்.

— இஞ்ச பார், கதவடிக்குப் போயிட்டாள். தட்டுறாள். சொன்னனானே? தோத்தாய்.

— கத்தத் தொடங்கேல்லை. தூக்குங்கோ.

— நானோ?

— நான் குளிக்கிறன்.

— எங்க குளிக்கிறாய்? எனக்கு முன்னால இருந்து சீப்பால தலையெல்லோ இழுக்கிறாய்.

— கொழும்பில நான் குளிக்கப் போனா இவளை ஆர் பாக்கிறது? நான் இப்ப குளியலறையில. தண்ணி ஓடுது. எனக்கு ஒண்டும் கேக்காது.

— வா குஞ்சு. அப்பாட்டை வா. நெளியிறாளடி. இவள் என்னட்டை நிக்கமாட்டாள், உனக்குத் தெரியும்தானே. பிறின்சி? குளிச்சது காணும், பிறின்சி. சரி, விடு. குஞ்சு, அங்க பார் ஆடு. எங்கட ஆடு இல்லை, இது மிருகக்காட்சிச்சாலை ஆடு. ஜன்னல் கண்ணாடியில கை வை. ம்... ஆடு என்ன சொல்லுது?

— பாருங்கோ, கத்தேல்லை.

— நீ குளிச்சு முடிஞ்சுதோ?

— துவட்டுறன்.

— ஏனப்பா இந்தப் பிடிவாதம்? யானை பாக்கிறதெண்டா அதுவாவே எங்கட றோட்டுக்கு வருது. நத்தார் லைற் பாக்கிறதெண்டா முல்லைத்தீவிலயும் கட்டுவினம்.

— யானைக்கும் லைற்றுக்குமோ நான் நிக்கிறன்? போன கிழமை நீங்கள் வாசலுக்குள்ள வரேக்கை இவள் என்ன சொன்னவள்?

— அதை விடு.

— ‘அம்மா, மீன் மாமா’ எண்டவள்.

— கையில மீன் பை இருந்தது. அதால...

— அவள் எழும்ப முதல் போறியள். வந்து பகல் முழுக்க நித்திரை. பின்னேரம் கிழிஞ்ச வலை பொத்தப் போறியள். அவளுக்கு ரெண்டு வயசு. நான் உங்களில குறை சொல்லேல்லை, எங்கட சோறு அந்தக் கடலிலதான் கிடக்கு. ஆனா இஞ்ச நிக்குமட்டும் கடல் கூப்பிடும், நீங்கள் போவியள். எனக்கு வேண்டியது மூண்டு நாள். நீங்களும் அவளும் ஒரு அறைக்குள்ள.

— வெள்ளவத்தையிலயும் கடல் இருக்கு.

— இருக்கட்டும். அங்க உங்களுக்கு வள்ளம் இல்லை.

— பிறின்சி.

— என்ன, திரும்பவும் பசிக்குதோ?

— சத்தம் போடாதை. தலையைத் தோளில வைச்சிட்டாள்.

— நெளியேல்லையோ?

— இல்லை. மூச்சு வேற மாதிரி வருது. சுகமில்லையோ?

— அது நித்திரை மூச்சு. நீங்கள் இதுவரைக்கும் கேக்கேல்லை.

— என்னிலயோ நித்திரை கொள்ளுறாள்?

— ஓம். உங்களிலதான்.

— இப்ப நான் என்ன செய்யிறது?

— ஒண்டும் செய்யாதேங்கோ. மெல்லப் பாயில இருங்கோ. கதிரை வேண்டாம், அது சத்தம் போடும்.

— கால் விறைக்குது.

— விறைக்கட்டும்.

— றொமேஸ்! டேய் றொமேஸ்! முகத்துவாரம் உடைச்சிட்டுது, இறால் ஓடுது! வலையைத் தூக்கிக்கொண்டு வாடா!

— சின்னராசா அண்ணையின்ர குரல்.

— கேட்டது.

— ராத்திரி மழைக்கு மணல்மேடு உடைச்சிருக்கு. களப்புத் தண்ணியோட இறால் முழுக்கக் கடலுக்கு ஓடும், பிறின்சி. வருசத்தில ஒருக்கா.

— தெரியும்.

— இண்டைக்கு விட்டா நாளைக்கு ஒண்டும் மிஞ்சாது.

— தெரியும். கதவு பூட்டேல்லை, கொளுக்கிதான் போட்டுக் கிடக்கு.

— நீ ஒண்டும் சொல்லமாட்டியோ?

— சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிப்போட்டன்.

— றொமேஸ்! கேக்குதோ? எல்லாரும் போயிட்டாங்கள்!

— திரும்பவும் கூப்பிடுறார்.

— பதில் சொல்லுங்கோவன்.

— வாயைத் திறந்தா இவள் எழும்பிடுவாள்.

— நான் போய் ‘வாறார்’ எண்டு சொல்லட்டோ?

— பேசாமல் இரு.

— நேரம் போகுது.

— பேசாமல் இரு எண்டனான். போயிட்டாரோ?

— போயிட்டார். படலையைத் தாண்டிட்டார்.

— என்ர நெஞ்சு அடிக்கிற அடியில இவள் எழும்பப் போறாள்.

— உங்களிட்டை ஒண்டு சொல்லவேணும். கோவிக்கப்படாது.

— சொல்லு.

— முகத்துவாரம் உடைக்கேல்லை. இறாலும் ஓடேல்லை.

— என்ன?

— நான்தான் என்ர தம்பி துசியந்தனிட்டைச் சொல்லி வைச்சனான். ‘தம்பி, இண்டைக்கு மத்தியானம் வந்து, படலையடியில நிண்டு இறால் எண்டு கத்து’ எண்டு. அந்த விசரன் தான் வராமல் சின்னராசா அண்ணையைப் பிடிச்சு விட்டிருக்கிறான்.

— அப்ப ஒத்திகை எனக்கோ?

— பின்ன, இவளுக்கெண்டோ நினைச்சியள்? இறங்கிறதெண்டா பரந்தனில இறங்காமல் இஞ்சையே இறங்குங்கோ. திங்கக்கிழமை பஸ்ஸில அழுறதிலும் பாக்க இண்டைக்கே அழுதிட்டு, பாக்கை அவிழ்ப்பம் எண்டு நினைச்சன்.

— நீ லேசுப்பட்ட ஆள் இல்லை.

— நீங்கள் இறங்கேல்லை. அது காணும் எனக்கு.

— சிரிப்புக் காட்டாதை, இவள் குலுங்கிறாள். நான் உள்ளுக்குள்ள எரிஞ்சுகொண்டெல்லோ இருந்தனான். ஒவ்வொரு வலை வீச்சா எண்ணிக்கொண்டு.

— உங்கட முகத்தில தெரிஞ்சது.

— அக்கா. அக்கோய்.

— தம்பிதான். மெல்லடா துசி, மருமகள் நித்திரை. ஜன்னலடிக்கு வா.

— கோவியாதை அக்கா, பிந்திப்போச்சு. முல்லைத்தீவால வரேக்கை மோட்டச்சைக்கிள் காத்துப் போயிட்டுது. பாதி வழி உருட்டிக்கொண்டு வாறன். இப்ப கத்தட்டோ?

— என்ன கதைக்கிறாய்? நீதானே சின்னராசா அண்ணையை அனுப்பினனி?

— நான் ஏன் அவரை அனுப்புறன்? இப்பத்தான் பாலத்தடியில கண்டனான். ஓடுறார். ஊரெல்லாம் வலையோட முகத்துவாரப் பக்கம் ஓடுது. நீ எனக்குச் சொன்ன பொய்யை அவைக்கும் சொன்னனியோ?

— மாதாவே.

— பிறின்சி...

— தாங்கோ இவளை. என்னட்டைத் தாங்கோ. ஓடுங்கோ, இன்னும் முடிஞ்சிருக்காது.

— கையை எடு.

— விசரே உங்களுக்கு? இது உண்மையான இறால். ஒத்திகையெல்லாம் முடிஞ்சுது, நீங்கள் வெண்டாச்சு. நான் ஒண்டும் நினைக்கமாட்டன், போங்கோ.

— மெல்லக் கதை. இப்பத்தான் கையை மடக்கி என்ர சேட்டுக் கொலரைப் பிடிச்சிருக்கிறாள்.

— அத்தான், சின்னராசா அண்ணை அங்க உங்களைத்தான் தேடுவார். நான் என்னெண்டு சொல்ல?

— அத்தான் ஊரில இல்லையெண்டு சொல்லு.