நூற்றுப் பதினெட்டாம் காரின் நிறம்

வெயில் ஏறியதும் ஜன்னல்களைச் சாத்திவிடுவது இந்த வீட்டு வழக்கம், வக்கீலம்மா. அறை இருட்டாக இருக்கிறதே என்று தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காகிதத்துக்கு வெயில் ஆகாது. எனக்கு வெயில் பிடிக்கும். ஆனால் இங்கே என் பேச்சைவிடக் காகிதங்களின் பேச்சுதான் எடுபடும்.

பொலோஞாவிலிருந்து இவ்வளவு தூரம் நீங்கள் வந்திருப்பது அந்த ஒரு புகைப்படத்துக்காக என்று தெரியும். முதலாளி கிரார்தினியின் மனைவி, வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, ஒரு காரின் மேல் சாய்ந்து நிற்கிறார். கார் பிஸ்தாப் பச்சை. நம்பர் பலகை தெளிவாகத் தெரிகிறது. உங்கள் கட்சிக்காரர் கவெதோனி அதைப் பார்த்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை என்கிறீர்கள். பாவம், நல்ல மனிதர். சஸ்ஸுவோலோ ஊரில் வீடுகளுக்குப் பதிக்கும் தரை ஓடுகளில் பாதி அவர் ஆலையில் செய்ததுதான். அவரை நோகடிக்க எனக்கு ஆசை இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். அசல் எது என்பதில் எனக்கு என்றைக்குமே சமரசம் கிடையாது.

கிரார்தினி தொழிற்சாலை மொத்தம் முன்னூற்றுப் பதினோரு ஸ்போர்ட்ஸ் கார்கள் செய்தது. நான் அங்கே வண்டிகளை வெளியே அனுப்பும் பிரிவில் குமாஸ்தா. ஒவ்வொரு காருக்கும் ஒரு தாள்: சேஸிஸ் எண், எஞ்சின் எண், நிறம், இருக்கைத் தோல், வாங்கியவர் பெயர். தொழிற்சாலையை மூடிய வாரம் அந்தத் தாள்களையெல்லாம் முற்றத்தில் கொட்டிக் கொளுத்தப் போனார்கள். நான் வாழைப்பழப் பெட்டிகளில் அள்ளிக்கொண்டு வந்தேன். அன்று மழை. ஒரு பெட்டியின் அடிப்பக்கம் நனைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால் நூற்றுப் பதினெட்டாம் காரின் தாள் மட்டும் கூழாகியிருந்தது.

பிறகு நான் புத்தகம் எழுதினேன். கிரார்தினி கார்களுக்கு அதுதான் வேதம் என்று நான் சொல்லவில்லை, மற்றவர்கள் சொல்கிறார்கள். முன்னூற்றுப் பத்து கார்களுக்கு நிறம் இருந்தது, ஒன்றுக்கு இல்லை. முன்பல் ஒன்று விழுந்த மாதிரி அந்தக் காலியிடம் என்னைப் பார்த்து இளித்தது. பத்துக்கு ஏழு கார்கள் சிவப்பு. ஆகவே சிவப்பு என்று எழுதினேன். நியாயமான ஊகம்தானே. இரண்டாம் பதிப்பில் பழுப்புத் தோல் இருக்கை சேர்த்தேன். மூன்றாம் பதிப்பில் அதை வாங்கிய தோரினோ நகரத்து டாக்டர் ஒருவரும் வந்து சேர்ந்தார். ஒரு கூட்டத்தில் அவருடைய மீசையைப் பற்றிக்கூடப் பேசியதாக ஞாபகம். கார் தொலைந்து நாற்பது வருஷம் ஆகியிருந்தது; யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

கவெதோனி வந்து கேட்டார். கால்நடை மருத்துவர் ஒருவரின் விதவையிடமிருந்து அதை வாங்கியிருந்தார். வெங்காயம் காயப்போடும் கொட்டகையில் கிடந்தது. ஓட்டுநர் இருக்கையில் கோழி அடைகாத்திருந்தது, நான்கு டயரும் தரையோடு ஒட்டிப்போயிருந்தன. என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாயெஸ்த்ரோ, இது அசலான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும். வேற எவன் சொன்னாலும் நான் கேக்க மாட்டேன்" என்றார். என்ன ஒரு நம்பிக்கை.

பத்தே நிமிடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவு அசலான காரை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. சேஸிஸ் எண்ணின் எட்டில் மேல் வட்டம் சற்றுக் கோணல். எங்கள் அச்சு அப்படித்தான் விழும். போல்ட்டுகளின் மேல் சோதனைக்காரர் போட்ட மஞ்சள் சாக்பீஸ் கோடு அழியவில்லை. கண்ணாடி, விளக்கு, கம்பி, எதையும் யாரும் தொடவில்லை. நிறம் மட்டும் பச்சை. கதவுத் தோலுக்குப் பின்னால் பச்சை, பெட்ரோல் மூடிக்கு அடியில் பச்சை, தரைவிரிப்பைத் தூக்கினால் அங்கேயும் பச்சை. எங்கேயும் ஒரு துளி சிவப்பு இல்லை.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஒரு வரி பொய் என்றால் மற்ற முன்னூற்றுப் பத்து வரிகளை யார் நம்புவார்கள்? அந்தக் கார்களை வைத்திருக்கும் எத்தனை குடும்பங்கள் நிம்மதி இழக்கும்? அவர்களை நினைத்துத்தான் கவெதோனியிடம் சொன்னேன்: எல்லாம் அசல், நிறம் மட்டும் பிற்பாடு மாற்றியது. சிவப்பின் சுவடே இல்லையே என்று அவர் கேட்டார். இரும்பு தெரியும்வரை சுரண்டிவிட்டு அடித்திருக்கிறான், கெட்டிக்கார வேலைக்காரன் என்றேன். இல்லாத அந்த வேலைக்காரன்மேல் எனக்கே மரியாதை வந்துவிட்டது.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் எர்மேஸ் இருந்தார்.

எர்மேஸ் குவால்தி எங்கள் தொழிற்சாலையில் பெயின்ட் அடித்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், மனைவியை இழந்தவர், தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு எங்கு போனாலும் சைக்கிளில் போவார். முப்பது வருஷமாக வாரத்தில் மூன்று நாள் கடைத்தெரு மதுக்கடையில் நாங்கள் ஒரே மேஜையில் சீட்டாடியிருக்கிறோம். நூற்றுப் பதினெட்டு கிடைத்துவிட்டது, சிவப்புக் கார், பின்னால் பச்சை ஆக்கியிருக்கிறார்கள் என்று நான் சொன்னபோது அவர் கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்து வைத்தார்.

"யாருப்பா சிவப்புன்னது?" என்றார்.

"என் புஸ்தகத்துல இருக்கே."

"உன் புஸ்தகம் கிடக்கட்டும். பச்சைப்பா அது. முதலாளியம்மா கவுன் துணியில ஒரு துண்டு வெட்டிக் குடுத்து, இந்தக் கலர்தான் வேணும்னாங்க. மூணு நாள் கலக்கினேன். நீ எழுதறதுக்கு முன்னாடியே நான் அடிச்சு முடிச்சாச்சு. சந்தேகம்னா இடது கதவுப் பிடிக்குக் கீழ பாரு, ஒரு கொசு இருக்கும். பெயின்ட் காயவைக்கிற சூட்டறைக் கதவை எவனோ திறந்து வச்சுட்டான், ஈரத்துல வந்து உக்காந்துச்சு. எடுத்தா தழும்பு விழும்னு அதுக்கும் சேத்து ஒரு கோட்டு அடிச்சு அனுப்பிட்டேன்."

மேஜையே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தக் கொசுவை நான் முதல் நாளே பூதக்கண்ணாடியில் பார்த்திருந்தேன். இரண்டு இறக்கையும் விரித்து, ஓவியம் மாதிரி இருந்தது.

சனிக்கிழமை எல்லோரும் கவெதோனியிடம் போய்க் காரைப் பார்ப்பதென்று முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை மத்தியானம், பெயின்ட்டின் கனத்தை அளக்க வேண்டும் என்று சொல்லி நான் மட்டும் போனேன். சின்னக் கத்தி ஒன்று, கொஞ்சம் துருப்பொடி. இரண்டு நிமிட வேலை. கொசு ஒன்றைக் கொன்றதற்காக யாரும் யாரையும் கோர்ட்டுக்கு இழுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அதுவும் ஏற்கெனவே செத்த கொசு.

எர்மேஸ் சனிக்கிழமை டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். நேராக இடது கதவுக்குப் போய்க் குனிந்தார். கட்டைவிரலால் தடவினார். துருப்பிடித்த ஒரு சின்னப் பொட்டு, அவ்வளவுதான்.

"கடிக்கப் போயிருக்கும், எர்மேஸ். சாயங்காலம் வந்துரும்" என்றார் யாரோ.

அவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு மெல்ல எழுந்து வலது கதவுப் பக்கம் போய் அங்கேயும் குனிந்து பார்த்தார்.

அதை நீங்கள் கவனிக்க வேண்டும், வக்கீலம்மா. கொசுவை எடுத்தது நான். வலது கதவுக்குப் போனது அவர். அப்படிப் போகச் சொல்லி நான் கேட்கவில்லை. அந்த நாலு அடியை அவராகத்தான் நடந்தார். ஒரு மனிதர் தன் ஞாபகத்தைத் தானே நம்பவில்லை என்றால், அவருக்கு உதவி தேவைப்படுகிறது என்றுதானே அர்த்தம்?

உதவி செய்தேன். பெரிதாக ஒன்றும் இல்லை. மதுக்கடை வாசலில் இடது சுவரில் சாய்த்திருந்த சைக்கிளை வலது சுவருக்கு மாற்றி வைப்பேன். அவர் வீட்டில் ஐஸ் எடுக்க நான் போகும்போது அவருடைய மூக்குக்கண்ணாடியை ஃபிரிட்ஜில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வருவேன். ஆனால் இவையெல்லாம் குழந்தை விளையாட்டு. எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்தது ஒரே ஒரு வாக்கியம். அவர் ஏதாவது புதிதாகச் சொல்ல ஆரம்பித்ததும், ரொம்ப அன்பாக, "நேத்தே சொன்னீங்களே, எர்மேஸ்" என்பேன். அவர் நிறுத்திவிடுவார். மூன்று மாதத்தில் கதை சொல்வதையே விட்டுவிட்டார். சீட்டைப் போடுவதற்கு முன்னால் என் முகத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

அவருடைய மகள் நீவெஸ் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். அவளிடம் நான் எதையும் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. தேதி போட்டு, அவர் தடுமாறிய நாட்களில் நடந்ததை மட்டும், ஒரு நோட்டில் வரிசையாக எழுதிக் கொடுத்தேன். எழுதி வைப்பது என் தொழில். அவள் அழுதாள். "நீங்க இல்லேன்னா எனக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது மாமா" என்றாள்.

எர்மேஸை டாக்டரிடம் கூட்டிப்போனதும் நான்தான், அவளுக்கு அன்று பஸ் இருந்தது. செவ்வாய்க்கிழமை. வழியில் பேச்சுவாக்கில், இன்றைக்குப் புதன், சந்தை நாள், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது என்றேன். டாக்டர் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். எர்மேஸ் நிமிர்ந்து உட்கார்ந்து, "புதன். நூத்துக்கு நூறு புதன்" என்றார். இல்லை என்றதும் என் பக்கம் திரும்பினார். நான் அவர் தோளில் கை வைத்தேன். அதற்குப் பிறகு கடிகாரம் வரையச் சொன்னபோது முள்ளை எங்கே போடுவதென்று அவருக்குத் தெரியவில்லை. பயத்தில் யாருக்குமே கை ஓடாது. ஆனால் டாக்டருக்கு என்னுடைய நோட்டும் இருந்தது.

இப்போது அவர் குன்றின் மேல் கன்னியாஸ்திரீகள் நடத்தும் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். நல்ல இடம், செர்ரி மரங்கள் இருக்கின்றன. வியாழன்தோறும் நான் போகிறேன். கொஞ்சம் பாலாடைக்கட்டி, மருந்துபோல ஒரு கிளாஸ் லாம்ப்ருஸ்கோ ஒயின். வேறு யார் போகிறார்கள் சொல்லுங்கள்.

காரைப் பற்றிக் கேட்டீர்கள். பச்சையை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, என் மேற்பார்வையில் சிவப்பு அடித்தார்கள். பிரமாதமான பச்சை, வக்கீலம்மா, எளிதில் வரவில்லை. ஆட்கள் மூன்று வாரம் திட்டிக்கொண்டே சுரண்டினார்கள். பழுப்புத் தோல் தைத்தோம். அந்த வருஷக் கண்காட்சியில் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலை மாறாத கார் என்று அதற்குத்தான் முதல் பரிசு. கவெதோனி மேடையிலேயே அழுதுவிட்டார். உண்மையை நான் அழித்துவிட்டேன் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. சுரண்டிய பச்சையில் ஒரு சில்லை உறையில் போட்டு, எண் 118, அசல் பெயின்ட் என்று எழுதி, கோப்பில் வைத்திருக்கிறேன். ஆவணக்காப்பாளனுக்கு அந்த நேர்மை வேண்டும்.

ஆகவே அந்தப் படம் பொய் இல்லை. கேட்டால் ஒத்துக்கொள்கிறேன்: கார் பச்சை, புத்தகம் தப்பு. ஆனால் இது நம் இருவருக்குள் இருக்கட்டும். ஏனென்றால் வெளியே காட்டுவதற்கு உங்களிடம் இருப்பது பழைய படம், சாயம் மங்கியது. என்னிடம் இருப்பது அதைவிடப் பலமானது. போன வியாழன் கிடைத்தது.

நாங்கள் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தோம். நான் காரைப் பற்றி வாயே திறக்கவில்லை. எர்மேஸ் தன் கைகளையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"சிவப்புதான்பா. நான்தான் குழப்பிக்கிட்டேன். பச்சையும் இல்ல, கொசுவும் இல்ல. நீ எழுதினதுதான் சரி." பிறகு என் பக்கம் திரும்பி, "இப்ப நான் வீட்டுக்குப் போலாம்ல?" என்றார்.

அவர் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதி, கையெழுத்து வாங்கினேன். ஓடும் பஸ்ஸில் போட்டது போல் ஒரு கையெழுத்து. இல்லத்துக் கன்னியாஸ்திரீகள் இருவர் சாட்சி போட்டிருக்கிறார்கள். இதோ, பாருங்கள், தேதியும் இருக்கிறது. பெயின்ட் அடித்தவரே சிவப்பு என்று எழுதிக் கொடுத்த பிறகு முதலாளியம்மாவின் ஆல்பத்தில் இருக்கும் அந்தப் படத்துக்கு என்ன மதிப்பு? கவெதோனியிடம் காட்டுங்கள், ராத்திரி நிம்மதியாகச் சாப்பிடுவார்.

வீட்டுக்கா? அன்று சாயங்காலமே நீவெஸ் போன் செய்தாள். அப்பா ரொம்பத் தெளிவாகப் பேசுகிறார், தான் சொன்னதெல்லாம் தப்பு என்று தானே ஒத்துக்கொள்கிறார், கூட்டி வந்துவிடட்டுமா மாமா என்று கேட்டாள். நான் நன்றாக யோசித்துவிட்டுத்தான் வேண்டாம் என்றேன். மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே. தன் கையாலேயே பச்சை அடித்த காரைச் சிவப்பு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற மனிதரை, எந்தத் தைரியத்தில் ஒரு வீட்டில் தனியாக விடச் சொல்கிறீர்கள்?