பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கவில்லை

எங்கள் அனல்மின் நிலையக் குவார்ட்டர்ஸில் ஆள் இல்லாத அறையிலும் ஃபேன் ஓடும். அணைத்தால், உடம்பு சரியில்லையா என்று அம்மா கேட்பார். இதைச் சொன்னால்தான் நடந்தது உங்களுக்குப் புரியும், கொளஞ்சிநாதன் மாமா. பக்கத்து பிளாக்குக்காரர் என்ற பழக்கத்தில், காருக்குப் பின்னால் மாட்டும் உங்கள் கேரவனை எங்களுக்குக் கொடுத்தீர்கள். "பேட்டரிய பாதிக்குக் கீழ எறங்க வுட்டுடாத ரைஹான், அதோட ஆயுசே போயிடும்" என்று என்னிடம் மட்டும் சொன்னீர்கள். மாலை வகுப்பில் எலக்ட்ரிக்கல் படிக்கிறேன் என்பதற்காக இதற்கு முன் யாரும் என்னை நம்பி எதையும் ஒப்படைத்ததில்லை.

குள்ளஞ்சாவடி தாண்டி, பெருமாள் ஏரிக்கரையில் நிறுத்தினோம். அத்தா முதல் வேலையாக எல்லா சுவிட்சையும் போட்டார். நான் அணைத்தேன்.

"கரண்டு செய்யிற ஊர்லேர்ந்து வந்துட்டு, புழுக்கத்துல குந்திக்கினு இருக்கச் சொல்றான் பாரு" என்றார்.

வானம் மூடியிருந்தது. கூரையிலிருந்த சோலார் தகட்டால் பயனில்லை. அப்போதுதான் மிஸ்ரியா அக்காவுக்குத் தகவல் வந்தது. மறுநாள் காலை ஆன்லைனில் இன்டர்வியூ. இத்தனை வருடம் கான்ட்ராக்டிலேயே ஓட்டியவளுக்கு, கிடைத்தால் பர்மனென்ட். நெட்டுக்கு அவளிடம் ஒரு டாங்கிள் இருந்தது, ஆனால் லேப்டாப் பழசு. பிளக்கைப் பிடுங்கினால் அணைந்துவிடும்.

"வூட்டுக்கே போயிடலாம்டா" என்றாள்.

பேட்டரியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எனக்கே சந்தேகமாகத்தான் இருந்தது. அதனால் கூடுதல் கவனம் எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஃப்ரிட்ஜை நிறுத்தினேன். கறி கெட்டது, புதைத்தோம். பிறகு ஃபேன், பிறகு விளக்கு. யாருக்கும் சார்ஜ் போடும் ஆசை வரக்கூடாது என்று போன்களையும் வாங்கி வைத்துக்கொண்டேன். அம்மா கொசு அடித்துக்கொண்டே, "இவனுக்குப் பொண்ணு குடுக்கறவரு மெழுகுவத்தி கம்பெனி வச்சிருக்கணும்" என்றார். நான் பொறுத்துக்கொண்டேன். எல்லாம் அக்காவுக்காக.

நான் கண்ணயர்ந்த நேரம் பார்த்து அத்தா ஃபேனைப் போட்டுக்கொண்டது விடிந்த பிறகுதான் தெரிந்தது.

அக்கா நன்றாகத்தான் பேசினாள். நான் மீட்டர் எதிரே உட்கார்ந்திருந்தேன். திரையில் இருந்தவர், "உங்களை நாங்க ஏன் எடுக்கணும்?" என்று கேட்டார். அக்கா தன் பள்ளிக்கூடத்திலிருந்து ஆரம்பித்தாள். மீட்டர் பாதியைத் தொட்டது. நான் அவசரப்படவில்லை, இரண்டு முறை யோசித்தேன். அக்காவுக்கு வேறு வேலை கிடைக்கலாம். பேட்டரிக்கு ஓர் ஆயுள்தான்.

மெயின் சுவிட்சை அணைத்தேன்.

"ஐயோ, என்னாச்சுடா?"

"பேட்டரி தீந்துபோச்சுக்கா."

போனில் கூப்பிடலாம் என்று ஓடிவந்தாள். எல்லா போனும் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது. நான் ஒழுங்காக வேலை செய்திருந்தேன்.

அந்த வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. தான் போட்ட ஃபேனால்தான் என்று அத்தா அழுதார். எனக்குத் தாங்கவில்லை. "வுடுங்கத்தா, நான் மனசுல வச்சுக்கல" என்று அவரை மன்னித்துவிட்டேன்.

அணைத்தது நான்தான், மாமா. அதை மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு அக்கா கொஞ்சம் சுருக்கமாகப் பதில் சொல்லியிருக்கலாம்.